பன்னிரண்டாம் நடை

1933 ஆகஸ்டு 8, செவ்வாய்க்கிழமை, காலை ஐந்து மணி ஐம்பது நிமிஷம். மேகம் உண்டு, மழை இல்லை. மயிலாடிச் சாலையோரத்துப் பனைகள் மேல்காற்றில் கிழக்கே சாய்ந்து இரைந்துகொண்டிருந்தன. மோட்டார் பஸ் ஐந்தரைக்கு வரவேண்டியது. நான் ஐந்து மணிக்கே போய் நின்றுவிட்டேன். என் மூத்த சகோதரி ஞானப்பூ அக்காள் தலையில் ஓலைப்பெட்டியும் கக்கத்தில் வேதப் புத்தகமுமாக ஐந்தே முக்காலுக்குச் சாவகாசமாக நடந்து வந்தாள். பஸ் அதற்கும் ஐந்து நிமிஷம் கழித்து வந்தது. நான் பட்ட கவலை முழுவதும் வீண்.

அக்காளுக்கு எழுபத்தொரு வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நாற்பது வருஷம் மிஷனில் ஊழியக்காரியாக இருந்தவள். வீடு வீடாகப் போய்ப் பெண்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுப்பாள், வேதம் வாசிப்பாள், காய்ச்சல்காரிக்குக் கஞ்சி வைப்பாள், பிள்ளை பெற்றவளுக்குத் தலை வாரிவிடுவாள். எனக்கு வயது அறுபத்தேழு. தாமரைக்குளம் உப்பளத்தில் சர்க்கார் கணக்கனாக இருந்து ஓய்வு பெற்றவன். உப்பு மூட்டைகளை எண்ணி எண்ணிக் கண்ணில் படுவதையெல்லாம் எண்ணுகிற பழக்கம் வந்துவிட்டது. பஸ்ஸில் இருபத்துமூன்று பேர் இருந்தோம். இடம் பத்தொன்பது பேருக்குத்தான்.

நாங்கள் புறப்பட்டது என் மகள் எஸ்தரைத் தூத்துக்குடியிலிருந்து வீட்டுக்குக் கூட்டிவர. கம்பவுண்டராக இருந்த அவள் புருஷன் மூன்று வருஷத்துக்கு முன் காலமானார். மே மாதத்திலிருந்து எஸ்தர் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் ஓடும் ஒரு கப்பலில் பணிப்பெண்ணாக இருக்கிறாள். இரண்டாம் வகுப்பில் வரும் பெண்களுக்குப் படுக்கை விரிப்பது, தேநீர் கொடுப்பது, வாந்தி எடுத்தால் தலையைப் பிடித்துக்கொள்வது, அவர்களுடைய குழந்தைகளைத் தூக்கி வைத்துக்கொள்வது. இதுதான் வேலை. ஊரில் கேட்பவர்களிடம் 'கப்பலில் உத்தியோகம்' என்பதோடு நிறுத்திக்கொள்வேன்.

அவளுடைய பெண் லில்லிக்கு ஆறு வயது, எங்கள் வீட்டில் வளர்கிறாள். ஜூன் மாதம் பிறந்தநாளுக்கு அம்மா வருவாள் என்று நம்பிக் குழந்தை விளக்கு வைக்கும்வரை பஸ் நிற்கும் இடத்தில் நின்றது. அன்றைக்குப் பார்த்து நாலு பிள்ளைகளோடு ஒரு பெண்மணி கப்பலுக்கு வந்துவிட்டாளாம். எஸ்தர் வரவில்லை. கொஞ்ச நாளாக லில்லி என் மனைவியை 'அம்மா' என்கிறாள். எஸ்தர் எப்போதாவது வந்தால் 'அக்கா வந்திருக்கு' என்று உள்ளே வந்து சொல்கிறாள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அதைக் கேட்ட மறுநாளே நான் மிஷன் லேஸ் அறைக்குப் போய் எஸ்தருக்கு ஓர் இடம் கேட்டு வாங்கினேன். மாதம் ஆறு ரூபாய் தேறும். காலை போய்ச் சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடலாம். அவளுக்கு அங்கே இருக்கும் பாக்கிகளைத் தீர்த்துக் கூட்டிவர அறுபது ரூபாய் இடுப்பில் முடிந்துகொண்டேன். துணைக்கு அக்காள் தானே வந்தாள். நான் அழைக்கவில்லை.

ஆரல்வாய்மொழிக் கணவாயில் பஸ் நின்றது. ஆகஸ்டு மாதக் காற்று அங்கே ஒருவிதப் பிராணி. கூரைப் படுதா பட்டம் போல எழும்பிப் படபடத்தது. கண்டக்டர் ஆட்களை மாற்றி உட்கார வைக்கத் தொடங்கினான். அக்காளை மேற்கு ஓரத்துக்கு வரச் சொன்னான்.

"எம்மா, நீங்க இங்கன இரிங்க. காத்துப் பக்கம் கனம் வேணும்."

"என்னெ என்ன மூட்டைன்னு நெனச்சியா மக்கா?"

"மூட்டைக்கு நாங்கதான் சுமட்டுக்கூலி கொடுக்கணும். நீங்க டிக்கட்டு எடுத்த மூட்டைல்லா."

பஸ் முழுக்கச் சிரித்தது. அக்காளும் சிரித்துக்கொண்டே போய் உட்கார்ந்தாள். என்னையும் அழைப்பான் என்று எழுந்தேன். அவன் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, இருந்த இடத்திலேயே இருக்கச் சொன்னான்.

கணவாயைத் தாண்டினால் பிரிட்டிஷ் சீமை. நம் திருவிதாங்கூர்ச் சக்கரக் காசு செல்லாது. ஒரு பிரிட்டிஷ் ரூபாய்க்கு இருபத்தெட்டரைச் சக்கரம் என்ற கணக்கை நாள் முழுக்க மனத்தில் உருட்டிக்கொண்டு போனேன். அக்காள் முந்திரிக்கொத்தைப் பெட்டியிலிருந்து எடுத்து முன்னும் பின்னும் கொடுத்துக்கொண்டு வந்தாள். முப்பது இருந்தது, தூத்துக்குடி சேர்ந்தபோது எஸ்தருக்கென்று நாலே மிஞ்சியது.

தூத்துக்குடியில் குடிக்கும் தண்ணீரைக் குடம் கணக்கில் விற்கிறார்கள். கிணற்றுத் தண்ணீர் வாயில் வைக்க முடியாதபடி கரிக்கிறது. உப்பில் முப்பது வருஷம் காலம் தள்ளியவனாகச் சொல்கிறேன், அது மட்டமான கரிப்பு. எங்கள் பக்கம் வாய்க்காலில் காலை நனைக்காமல் பக்கத்து வீட்டுக்குப் போக முடியாது. இங்கே ஒரு செம்பு தண்ணீரைக் கேட்டால் முகத்தைப் பார்க்கிறார்கள்.

எஸ்தர் தங்கியிருந்தது கடற்கரைக்கு அருகே ஒரு வீட்டின் பின்கட்டு அறை. ஓர் அறையில் நாலு பெண்கள், நாலு கயிற்றுக் கட்டில்கள். எங்களைப் பார்த்ததும் ஓடி வந்தவள் நடுவழியில் நின்று, "லில்லிக்கு ஒண்ணும் இல்லியே?" என்றாள். இல்லை என்று நான் சொன்ன பிறகுதான் கிட்டே வந்தாள். மெலிந்திருந்தாள். கட்டில்மேல் ஒரு லேஸ் திண்டு இருந்தது. அதில் குத்திய ஊசிகளும், தொங்கும் நூல் கட்டைகளும், பாதி ஓடிய ஒரு பூவும். அக்காள் அவள் கையைப் பிடித்து விரல் நுனிகளைத் திருப்பிப் பார்த்தாள்.

கப்பல் ஓடாத நாள்களில் லேஸ் போட்டுத்தான் கட்டில் வாடகை கொடுக்கிறாளாம். நான் அவளை எந்த லேஸ் அறையில் உட்காரவைக்க வந்தேனோ அந்த வேலையை அவள் ஏற்கெனவே, தூங்கவேண்டிய நேரத்தில், செய்துகொண்டிருக்கிறாள்.

மறுநாள் புதன்கிழமை முழுவதும் அவள் வேலையின் கணக்கை அவளிடமே கேட்டுத் தெரிந்துகொண்டேன். போய் வந்தால் ஒரு நடை. நடை ஒன்றுக்கு மூன்றரை ரூபாய். கூலி நங்கூரம் தூக்கியதிலிருந்து நங்கூரம் போடும்வரைதான். கொழும்புத் துறைமுகத்தில் கப்பல் நிற்கும் பகல் முழுக்கக் கேபின்களைக் கழுவித் துடைக்கவேண்டும். அதற்குக் கூலி இல்லை, இறங்கவும் அனுமதி இல்லை. இரண்டு வெள்ளைப் புடவை, மேலே கட்டும் துணி, சப்பாத்து, மார்பில் குத்தும் பித்தளை வில்லை, எல்லாம் அவள் செலவு. பதினெட்டு ரூபாயை நடைக்கு எட்டணாவாகப் பிடிக்கிறார்கள், இன்னும் பன்னிரண்டரை பாக்கி. கோப்பை உடைந்தால் அதுவும் அவள் தலையில். கப்பல் ஆடி உடைந்தாலும் அப்படித்தான்.

இவ்வளவும் போகட்டும். இரண்டாம் வகுப்பில் ஒரு பெண்ணாவது டிக்கெட் எடுத்தால்தான் பணிப்பெண்ணுக்கு நடை. அது கப்பல் புறப்படுகிற அன்று காலை பத்து மணிக்குத்தான் தெரியும். விடியும்போதே குளித்து, கஞ்சி போட்ட புடவை உடுத்தி, வில்லை குத்தி, ஏஜண்டு ஆபீஸ் வாசலில் நிற்கவேண்டும். பெண் பயணி இல்லையென்றால் திரும்பி வந்து புடவையை மடித்து வைக்கவேண்டும். இது காற்றுக் காலம். கடல் கெட்டுக் கிடப்பதால் பெண்கள் யாரும் வருவதில்லை. எஸ்தர் இப்படிப் பத்து நாளாக உடுத்தி, மடித்து வைத்துக்கொண்டிருக்கிறாள்.

"பாக்கியெ நான் தீத்துடுதேன். எங்ககூட ஊருக்கு வா," என்றேன். லேஸ் அறையைப் பற்றிச் சொன்னேன். லில்லி அவளை அக்கா என்று சொல்வதையும் சொன்னேன். சொல்லியிருக்க வேண்டாம். அவளுக்கு அது முன்பே தெரிந்திருந்தது.

கொஞ்ச நேரம் லேஸ் கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தாள். பிறகு, மூன்று மாதத்துக்குள் பன்னிரண்டு நடை முடித்தவர்களைக் கம்பெனி மாதச் சம்பளத்தில் எடுத்துக்கொள்ளும் என்றாள். இருபத்தெட்டு ரூபாய். அவள் பதினொன்று முடித்துவிட்டாள். கெடு சனிக்கிழமையோடு தீர்கிறது. வியாழக்கிழமை சாயங்காலக் கப்பலில் போனால் சனிக்கிழமை காலை திரும்பலாம். அதுதான் கடைசி.

"சம்பளம் கூடுது, செரி. பிள்ளையெப் பாக்காண்டாமா?" என்றேன்.

"அதுக்குத்தாம்ப்பா. மாசச் சம்பளம்னா கப்பல் போற நாளு, வாற நாளு, நமக்கு லீவு நாளு எல்லாம் மாசம் பொறக்கும்போதே ஒட்டிருவாங்க. 'சனிக்கெழம வருவேன்'னு லில்லிகிட்ட சொல்லிட்டு வரலாம். இதுவரைக்கும் அவகிட்ட நான் ஒரு நாள் சொல்லி அந்த நாள் வந்ததில்ல. எனக்கு நாள் தெரிஞ்சா போரும்ப்பா."

கடைசியில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். வியாழக்கிழமைப் பட்டியலில் பெண் யாரும் இல்லாவிட்டால் அவள் எங்களோடு ஊருக்கு வந்துவிடுவாள், லேஸ் அறைக்குப் போவாள், இனி கப்பல் பேச்சே இல்லை. அவளே ஒத்துக்கொண்டாள். கடல் இருந்த இருப்பைப் பார்த்தபோது என் பக்கம்தான் ஜெயம் என்று தெரிந்தது. அன்று மாலை நல்ல பசி எடுத்தது. இரண்டு அணாவுக்குத் தோசையும் மீன் குழம்பும் சாப்பிட்டேன். குழம்பில் தேங்காய் போதாது.

வியாழக்கிழமை காலை மூன்று பேரும் ஆபீஸ் வாசலில் நின்றோம். பத்து மணிக்குக் குமாஸ்தா பட்டியலோடு வந்தான். எஸ்தரைப் பார்க்காமலே சொன்னான்.

"இன்னைக்கும் பொம்பளையாளு இல்லம்மா. ஒத்த டிக்கெட் இருந்தாலும் ஒன்னைய ஏத்திவிட்ருவேன். இந்தக் கடல்ல யாரு வருவா?"

எஸ்தர் தலையை ஆட்டினாள். பித்தளை வில்லையைக் கழற்றி முந்தானையில் முடிந்தாள். மேலே கட்டியிருந்த வெள்ளைத் துணியை அவிழ்த்து, வாசல் சுவரில் வைத்து நாலாக மடித்தாள். மடிப்பின் ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்தி அழுத்தி நேராக்கினாள், நாளைக்கும் உடுத்தப்போகிறவள் செய்வது போல. இரண்டு மணி பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கிறது என்று நான் மனத்தில் கணக்கிட்டுக்கொண்டிருந்தேன். அந்தக் கட்டைவிரலைப் பார்த்ததும் கணக்கு நின்றுவிட்டது.

அக்காள் குமாஸ்தாவின் மேஜைக்கு முன்னால் போய் நின்றாள்.

"ஏன் மக்கா, நான் பொம்பளை இல்லியா?"

குமாஸ்தா இப்போதுதான் நிமிர்ந்தான். "ரெண்டாங் கிளாஸ் எடுக்கணும் பாட்டி. போக வர முப்பத்தாறு ரூவா."

அக்காள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவ்வளவுதான். அவளிடம் முப்பத்தாறு காசு கூடக் கிடையாது என்பது இருவருக்கும் தெரியும்.

மூன்றரை ரூபாய்க் கூலிக்கு முப்பத்தாறு ரூபாய்ச் சீட்டு. எந்தக் கணக்கிலும் சேராத கணக்கு. எஸ்தர் ஓடிவந்து, "வேண்டாம்ப்பா, நான் வீட்டுக்கே வருதேன், சொன்ன சொல் சொன்னதுதான்," என்றாள். நான் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று இடுப்பு முடிச்சை அவிழ்த்தேன். முடிச்சு சீக்கிரம் அவிழவில்லை. நல்ல உப்பளத்து முடிச்சு.

ஆபீஸை விட்டு வெளியே வந்தபோதுதான், கடலே ஏறியிராத எழுபத்தொரு வயதுக்காரியைத் தனியே அனுப்ப முடியாது என்பது உறைத்தது. திரும்பிப் போய் எனக்கு மேல்தட்டுச் சீட்டு ஒன்று எடுத்தேன். போக வர ஒன்பது ரூபாய். குமாஸ்தா சிரிப்பை அடக்கிக்கொண்டு சில்லறை கொடுத்தான்.

தூத்துக்குடியில் கப்பல் கரைக்கு வருவதில்லை. நாலைந்து மைல் வெளியே நிற்கிறது. நீராவிப் படகில் ஏற்றிக்கொண்டு போகிறார்கள். படகு ஆடிய ஆட்டத்தில் என் குடை போயிற்று, பழைய குடைதான். கப்பல் ஏணியின் உச்சியில் எஸ்தர் நின்றாள். காலையில் பார்த்த பெண் அல்ல. வில்லை மின்னியது. கையை நீட்டி, "வாங்கம்மா, பைய, அலை தாழும்போது காலெ வைங்க," என்று தன் சொந்த மாமியை, அப்பாவின் கூடப்பிறந்தவளை, யாரோ ஒரு பெரிய வீட்டுப் பெண்மணியை ஏற்றுவது போல ஏற்றினாள்.  

மேல்தட்டுக்கும் இரண்டாம் வகுப்புக்கும் நடுவே ஒரு கயிறு கட்டியிருக்கிறார்கள். அக்காள் அந்தப் பக்கம், வெங்காய மூட்டைகளோடு நான் இந்தப் பக்கம். மூட்டைகள் நூற்று நாற்பத்திரண்டு. தூறல் விடவில்லை. என் பக்கத்தில் இருந்த கருப்பட்டி வியாபாரி நங்கூரம் எடுத்த அரைமணியில் படுத்துவிட்டார். எனக்கும் வயிறு புரண்டது. இருட்டுகிற நேரத்தில் எஸ்தர் கயிற்றுக்கு மேலாக ஒரு கண்ணாடி டம்ளரை நீட்டினாள். இஞ்சி தட்டிப் போட்ட தேநீர். எவ்வளவு என்று கேட்டேன். சும்மாதான் என்றாள். நம்பவில்லை, ஆனால் குடித்தேன். டம்ளர் கைதவறி உடைந்துவிடக் கூடாதே என்று இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை காலை கொழும்பு தெரிந்தபோது அக்காள் கயிற்றோரம் வந்தாள். ராத்திரி எப்படி, எஸ்தர் நன்றாகக் கவனித்தாளா என்று விசாரித்தேன்.

"அவ எங்க கவனிச்சா? வந்து நின்னா, கண்ணு ரெண்டும் செவந்து கெடக்கு. 'இந்தா படு'ன்னு என் கட்டில்ல படுக்க வச்சேன். 'மாமி, கூடாது, கப்பல் கணக்கர் பாத்தா வேலை போயிரும்'னா. கதவெச் சாத்திட்டு ஸ்டூல்ல இருந்தேன். விடியிறவரைக்கும் ஒறங்கினா பாத்துக்க. பிள்ளையில ஒறங்கின மாதிரி, வாயெத் தொறந்துக்கிட்டு."

முப்பத்தாறு ரூபாய்க் கட்டிலில் என் மகள் தூங்கியிருக்கிறாள், சீட்டு எடுத்தவள் ஸ்டூலில் உட்கார்ந்து காவல் இருந்திருக்கிறாள். கோபப்படலாம் என்று நினைத்தேன். முடியவில்லை.

எஸ்தர் இறங்கவில்லை, கேபின்களைக் கழுவவேண்டும். இதோடு பன்னிரண்டு முறை கொழும்புக்கு வந்திருக்கிறாள், கொழும்பு மண்ணில் கால் வைத்ததில்லை. நாங்கள் இரண்டு கிழங்கள் அவளுக்கும் சேர்த்துப் பார்த்துவிட்டு வருவதென்று இறங்கினோம்.

புறக்கோட்டையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் ஆப்பம் சாப்பிட்டோம். எங்கள் ஊர் ஆப்பத்தைவிட ஓரம் மெல்லியது, நடு சிறியது. தொட்டுக்கொள்ள மாசிக் கருவாடு இடித்துப் போட்ட சம்பல், கண்ணில் நீர் வரும் காரம். அக்காள் ஐந்து சாப்பிட்டாள். இங்கே ரூபாய்க்கு நூறு சதம். அணாவில் கேட்டு, சதத்தில் கொடுத்து, சக்கரத்தில் வருத்தப்பட்டேன். டிராமில் ஏறினோம், தவறான திசையில் கடைசிவரை போய், அதே டிராமில் திரும்பி வந்தோம். அக்காளுக்கு அது மிகவும் பிடித்திருந்தது.

சிங்களப் பெரியவர்கள் தலைமுடியைக் கொண்டை போட்டு, உச்சியில் வளைந்த சீப்பு ஒன்றைச் செருகிக்கொள்கிறார்கள். சீப்புக் கடைக்காரர் ஒருவரை அக்காள் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். கடைக்காரரின் மனைவி ஏதோ சொல்ல, சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். பக்கத்துக் கடைத் தமிழரிடம் கேட்டேன். "உந்தக் கிழவி என்ர புருஷனைப் பாக்கிறாளோ, சீப்பைப் பாக்கிறாளோ எண்டு கேக்கிறா," என்றார்.

"சீப்பைத்தான்னு சொல்லு மக்கா," என்றாள் அக்காள். "புருஷன் அவளுக்கே இருக்கட்டும்."

அந்தச் சிரிப்புக்குப் பிறகு ஒன்றும் வாங்காமல் வர முடியவில்லை. லில்லிக்கென்று ஒரு கொம்புச் சீப்பு வாங்கினேன். நாற்பது சதம் சொன்னார், இருபத்தைந்துக்குக் கொடுத்தார். பல்லை எண்ணிப் பார்த்துத் துணியில் சுற்றி வைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் கயிற்றோரம் நின்று எஸ்தருக்குக் கொழும்பைச் சொன்னோம். அக்காள் டிராமைப் பற்றிச் சொல்ல, நான் விலைகளைச் சொன்னேன். இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றவாறே கேட்டுக்கொண்டிருந்தாள். பகல் முழுவதும் குனிந்து தேய்த்த இடுப்பு. போகும்போது அவள் நன்றாகத் தூங்கினாளே, திரும்பும்போதாவது அக்காளைக் கவனிப்பாள் என்று எண்ணினேன். அக்காள் அதற்கும் விடவில்லை என்பது காலையில்தான் தெரிந்தது. அன்றும் அதே கட்டில், அதே ஸ்டூல்.

சனிக்கிழமை விடிந்து, தூத்துக்குடிக் கலங்கரை விளக்கம் தெரிகிற நேரம். கப்பல் கணக்கர் வந்தார். யாழ்ப்பாணத்து மனிதர், கண்ணாடி போட்டவர், மரியாதையானவர். பெண் பயணி தன் வாயால் 'பணிப்பெண் கவனித்தாள்' என்று சொன்னால்தான் அவர் நடையை எழுதுவார். நங்கூரம் விழுவதற்குள் கேட்டுவிடவேண்டும் என்பது முறை. கயிற்றுக்கு அந்தப் பக்கம் எஸ்தர் கைகளைக் கட்டி நின்றாள்.

"அம்மா, இந்தப் பிள்ளை உங்களை வடிவாக் கவனிச்சவவோ?"

"இல்லை," என்றாள் அக்காள்.

கணக்கர் கண்ணாடியைக் கழற்றினார்.

"நான்தான் அவளெக் கவனிச்சேன்," என்று அக்காள் விளக்கமாகச் சொன்னாள். "ரெண்டு நாளும் நல்லா ஒறங்கினா. இந்தப் பிள்ளைகளுக்கு நீங்க ஒறக்கமே கொடுக்கிறதில்லியா?"

நாற்பது வருஷம் வேதம் வாசித்துக் காட்டியவளை உண்மை சொல்லக்கூடாத ஓர் இடத்தில் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறேன் என்பது அப்போதுதான் புரிந்தது. வேறு எந்த ஊர்ப் பெண்ணாக இருந்தாலும் ஆமாம் என்று சொல்லியிருப்பாள். நான் கயிற்றுக்கு இந்தப் பக்கமிருந்து கண்ணைக் காட்டினேன், கையைக் காட்டினேன், இருமினேன்.

"ஏலே, நீ இருமாதே. பொய் சொல்லவா எனக்கு டிக்கட்டு எடுத்துத் தந்தே?"

எஸ்தர் முகத்தில் ரத்தம் இல்லை. ஆனால் 'ஆமாம்' என்று சொல்லும்படி அவள் மாமியைக் கெஞ்சவில்லை. கணக்கர் எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். தூரத்துக் கரையைப் பார்த்தார்.

"கவனிக்கேல்லை எண்டால் நான் எப்பிடி அம்மா எழுதுறது? எனக்கும் பொய் எழுத ஏலாது," என்றார். பிறகு மெதுவாக, "நங்கூரம் விழ இன்னும் கொஞ்ச நேரம் கிடக்கு. நான் முன்பக்கம் போட்டு வாறன்," என்று சொல்லிவிட்டு நடந்தார்.

எஸ்தர் அக்காளைப் பார்த்தாள். ராத்திரியெல்லாம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவளின் நரைமுடி, கதவிடுக்கில் வந்த காற்றில் கொண்டை அவிழ்ந்து தோளெல்லாம் விழுந்து கிடந்தது.

"மாமி, இரிங்க. தலை கலைஞ்சு கெடக்கு."

"கெடக்கட்டும். கெழவி தலைக்கென்ன, மாப்பிளையா வாறான்?"

"இரிங்க மாமி."

அக்காள் சுருட்டி வைத்த வடக்கயிற்றின்மேல் உட்கார்ந்தாள். எஸ்தர் சுற்றிலும் பார்த்தாள். சீப்பு இல்லை. நான் துணியை அவிழ்த்து லில்லியின் சீப்பைக் கயிற்றுக்கு மேலாக நீட்டினேன். சிக்கு முடி, புதுச் சீப்பு, பல் போய்விடுமே என்றும் சொன்னேன். யாரும் காதில் வாங்கவில்லை.

எஸ்தர் நுனியிலிருந்து தொடங்கினாள். ஒரு கையால் முடியின் அடியைப் பிடித்துக்கொண்டு, இழுப்பது தெரியாமல், சிக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தாள். கப்பல் ஒரு பக்கம் சாயும்போது அவளும் சாய்ந்து, மாமியின் தலை ஆடாமல் பார்த்துக்கொண்டாள். அக்காள் முதலில் ஏதோ பேசிக்கொண்டிருந்தாள். பிறகு பேச்சு நின்றது. கண்ணை மூடிக்கொண்டாள். எத்தனை பேருக்குத் தலை வாரியவள். அவளுக்கு யாராவது வாரி நான் பார்த்ததில்லை. எங்கள் அம்மா இறந்தபோது அவளுக்குப் பதினொரு வயது. அதற்குப் பிறகு வாரியிருக்கக் கூடியவர்கள் யார் என்று யோசித்தேன். ஒருவரும் அகப்படவில்லை.

"பைய சீவு மக்கா," என்றாள், கண்ணைத் திறக்காமல். "அவசரம் ஒண்ணும் இல்ல."

எனக்கு அவசரம் இருந்தது. கரை நெருங்கிக்கொண்டிருந்தது. முன்பக்கத்தில் ஆட்கள் சங்கிலியருகே போய் நின்றார்கள். ஆனாலும் நான் வாயைத் திறக்கவில்லை. எஸ்தர் முடியை அள்ளி முறுக்கிக் கொண்டை போட்டு, பறந்த இரண்டு நரைகளைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கி, முந்தானையால் மாமியின் முகத்தைத் துடைத்தாள். கணக்கர் திரும்பி வந்து நின்றது யாருக்கும் தெரியவில்லை. அவர் கேட்கவும் இல்லை.

அக்காள்தான் கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தாள். "கவனிச்சா," என்றாள். "நல்லா கவனிச்சா. இப்பம் எழுதுங்க."

சங்கிலி கடகடவென்று ஓடி நங்கூரம் விழுந்தது.

எஸ்தர் தூத்துக்குடியிலேயே தங்கினாள். திங்கட்கிழமை அவளை மாதச் சம்பளத்தில் எடுத்துக்கொண்டார்கள். நானும் அக்காளும் திரும்பும்போது கணவாயில் காற்று கொஞ்சம் தணிந்திருந்தது. கண்டக்டர் வேறு ஆள். அக்காள் யாரும் சொல்லாமலே காற்றுப் பக்கமாகப் போய் உட்கார்ந்தாள்.

எஸ்தரிடமிருந்து தகவல் வந்தது, அடுத்த வாரம் சனிக்கிழமை வருவதாக. லில்லியிடம் சொன்னோம்.  சனிக்கிழமை பஸ் நிற்கும் இடத்துக்கு என்னோடு வந்தாள், ஆனால் என் பின்னால் நின்றாள். பஸ் வந்தது. எஸ்தர் இறங்கினாள்.

சாயங்காலம் எஸ்தர் அந்தக் கொம்புச் சீப்பால் லில்லிக்குத் தலை வாரினாள். இரண்டு பல் போயிருந்தது, நான் சொன்னபடியே. லில்லி இன்னும் அவளை அம்மா என்று கூப்பிடவில்லை. அதற்கு எத்தனை நடை ஆகுமோ. ஆனால் தலையைக் கொடுத்துக்கொண்டே, திரும்பாமல், "இனி எப்பம் வருவே?" என்று கேட்டாள்.

"அடுத்த திங்கள் கழிஞ்சு, அதுக்கடுத்த திங்கள்," என்றாள் எஸ்தர்.

லில்லி விரலை மடக்கி எண்ணத் தொடங்கினாள். நடுவில் தவறி, மறுபடி முதலிலிருந்து எண்ணினாள். ஒன்பது வந்தது. நானும் எண்ணிப் பார்த்தேன். சரிதான்.

கொண்டுபோன அறுபது ரூபாயில் ஆறு ரூபாய் நாலணா திரும்பி வந்தது. குடையைச் சேர்க்காமல், சீப்பைச் சேர்த்து, இந்தப் பயணத்துக்கு ஆன செலவு ஐம்பத்துமூன்று ரூபாய் பன்னிரண்டு அணா. நம் சக்கரத்தில் ஆயிரத்து ஐந்நூற்று முப்பத்திரண்டு.